ஃப்ளாக் ஃபுட்பாலும் தேசிய அணியும்: சித்தூர் எல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃப்ளாக் ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறோம். (இது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா, ஆந்திராவில் இருக்கிற சித்தூர் இல்லை.) மைதான ஓரத்தில் நிற்கிற அப்பா அம்மாக்கள், டீக்கடையில் மடக்கிக் கேட்கிற பெரியவர்கள், பக்கத்துப் பள்ளி பி.டி. சார்மார், எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதில் பாதி “இந்தியா டீமுக்குப் போக முடியுமா” என்பதையே சுற்றிவரும். நின்று பேசும்போது அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

முதலில் இது என்ன விளையாட்டு? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஆளை இடித்துக் கீழே தள்ளுவதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஃப்ளாக் ஃபுட்பால். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு பெல்ட், அதில் இரண்டு பக்கமும் தொங்குகிற துணிப்பட்டை. பந்தோடு ஓடுகிறவரின் பட்டை ஒன்றை உருவிவிட்டால் அவர் அங்கேயே நிற்க வேண்டும். இடிக்கக் கூடாது, பிடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது, கூட்டாளிக்காகக் குறுக்கே நின்று மறிக்கவும் கூடாது.

சர்வதேச ஆட்டத்தில் பக்கத்துக்கு ஐந்து பேர். ஆடுகளம் 50 கெஜம் நீளம், 25 கெஜம் அகலம். இரண்டு முனையிலும் பத்துப் பத்து கெஜம் எண்ட் ஸோன். உங்கள் பக்கத்து ஐந்து கெஜக் கோட்டில் பந்து கிடைக்கும். நான்கு முயற்சிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் இன்னும் நான்கு முயற்சி, அதற்குள் எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோக வேண்டும். முடியவில்லை என்றால் பந்து எதிரணிக்கு. அப்படிக் கொண்டுபோவதுதான் டச்டவுன், அதற்கு ஆறு புள்ளி. அதற்கு மேல் ஒரு கூடுதல் முயற்சி உண்டு, அதை ஐந்து கெஜத்திலிருந்து போட்டால் ஒன்று, பத்து கெஜத்திலிருந்து போட்டால் இரண்டு. இருபது நிமிடம் வீதம் இரண்டு பாதி. பந்து தரையைத் தொட்டால் அந்த ஆட்டம் செத்தது. கீழே விழுந்த பந்துக்காக யாரும் மேலே விழுந்து புரள வேண்டியதில்லை.

புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் குழப்புகிற விஷயம் ஒன்று உண்டு. பந்தை முதலில் வாங்குகிற குவார்ட்டர்பேக், அதைத் தானே தூக்கிக்கொண்டு, ஆட்டம் தொடங்குகிற கோட்டைத் தாண்டி ஓட முடியாது. எறிய வேண்டும், இல்லையென்றால் யாரிடமாவது கொடுக்க வேண்டும். அவரை விரட்ட வருகிற ரஷர் ஏழு கெஜம் தள்ளி நின்றுதான் புறப்பட வேண்டும். இந்த ஏழு கெஜத்துக்குள்தான் மொத்த ஆட்டமும் இருக்கிறது. ரஷர் வந்து சேர்வதற்குள் நான்கு பேரில் யார் காலியாக நிற்கிறார் என்று பார்த்து எறிந்தாக வேண்டும்.

டிவியில் ஹெல்மெட் போட்டு மோதுகிறார்களே, அதுவும் இதுவும் ஒரே சங்கமா?

ஆமாம். இரண்டையும் உலக அளவில் நடத்துவது ஐஎஃப்ஏஎஃப் என்கிற சர்வதேச அமெரிக்கன் ஃபுட்பால் கூட்டமைப்பு. 1998-இல் தொடங்கியது. ஒரு நாட்டில் அதன் உறுப்பாக இருக்கிற அமைப்பு தேர்ந்தெடுக்கிற அணிதான் அந்த நாட்டின் தேசிய அணி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

ஹெல்மெட் ஆட்டத்தில் பக்கத்துக்கு 11 பேர், 100 கெஜ மைதானம். அதற்கும் உலகக் கோப்பை உண்டு. முதல் போட்டி 1999-இல் இத்தாலியின் பலெர்மோவில். ஜெயித்தது யார் என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்வதில்லை: ஜப்பான். 2003-இல் ஜெர்மனியில் நடந்ததிலும் ஜப்பான்தான். அந்த இரண்டு தடவையும் அமெரிக்கா அணியே அனுப்பவில்லை. 2007-இல் ஜப்பானின் கவாசாகியில் முதன்முதலாக வந்தது. இறுதி ஆட்டம் கூடுதல் நேரம் போய், அதிலும் தீராமல் இரண்டாவது கூடுதல் நேரம் போய், 23-20 என்று அமெரிக்கா தப்பித்தது. பிறகு 2011-இல் கனடாவை 50-7, 2015-இல் ஜப்பானை 59-12.

இந்த ஜப்பான் கதை எனக்குப் பிடிக்கும். அங்கே கல்லூரிகள் 1934-இலிருந்து ஆடுகின்றன. படிப்பு முடிந்தால் கம்பெனி அணிகள். ஃபுஜிட்சு, பானசோனிக் பெயரிலெல்லாம் அணி உண்டு. பகலில் ஆபீஸ், சாயங்காலம் பயிற்சி. ஒரு தேசிய அணி பின்னால் நிற்க வேண்டிய ஏற்பாடு அது. வெறும் ஜெர்சி அடித்தால் அணி வராது.

ஒலிம்பிக்கில் சேர்த்துவிட்டார்களாமே, உண்மையா?

உண்மை. அந்த முடிவு எடுத்ததே நம் நாட்டில்தான்: 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி. கிரிக்கெட் திரும்பி வந்த செய்தியில் மற்ற நான்கும் அடிபட்டுப்போயின. ஃப்ளாக் ஃபுட்பால், பேஸ்பால்-சாஃப்ட்பால், லக்ராஸ், ஸ்குவாஷ் ஆகியவையும் அதே கூட்டத்தில்தான் 2028 லாஸ் ஏஞ்சல்ஸுக்குள் வந்தன.

ஆண்களில் ஆறு அணி, பெண்களில் ஆறு அணி, அணிக்குப் பத்துப் பேர். அதாவது உலகம் முழுக்க 120 பேருக்குத்தான் அங்கே இடம். ஹெல்மெட் ஆட்டத்தை ஏன் சேர்க்கவில்லை என்பதற்கும் இந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. அது ஓர் அணிக்கே நாற்பது, ஐம்பது பேர் கேட்கும். ஒரு ஆட்டம் முடிந்தால் உடம்பு தேற நாள்கணக்கில் இடைவெளி வேண்டும். ஃப்ளாக் ஆட்டத்தில் ஒரே நாளில் இரண்டு மூன்று மேட்ச் ஆடிவிடலாம்.

எப்படியும் அமெரிக்காதானே ஜெயிக்கும்? அப்புறம் எதற்கு உலகக் கோப்பை?

ஆண்கள் பக்கம் நீங்கள் சொல்வது சரி. ஃப்ளாக் உலக சாம்பியன்ஷிப்பில் 2018 பனாமா, 2021 ஜெருசலேம், 2024 ஃபின்லாந்தின் லாத்தி என்று வரிசையாக அமெரிக்காதான். லாத்தியில் ஆஸ்திரியாவை 53-21 என்று முடித்தார்கள். ஆனால் 2022 வேர்ல்ட் கேம்ஸ் (ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்காக நடத்துவது) இறுதியில் இத்தாலியோடு 46-36. பத்துப் புள்ளிதான் வித்தியாசம். ஆஸ்திரியா, இத்தாலி என்றெல்லாம் பெயர் வருவதே இந்த விளையாட்டு எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும்.

பெண்கள் பக்கம் வாருங்கள், அங்கே கதை வேறு. அந்த 2022 வேர்ல்ட் கேம்ஸ் அமெரிக்காவிலேயே, அலபாமாவின் பர்மிங்ஹாமில் நடந்தது. ஃப்ளாக் ஃபுட்பால் அதில் இடம்பெற்றது அதுதான் முதல் தடவை. இறுதியில் மெக்சிகோ பெண்கள் அமெரிக்காவை 39-6 என்று அடித்தார்கள். டச்டவுனுக்கே ஆறு புள்ளி என்பதை வைத்துப் பாருங்கள், சொந்த மண்ணில் ஒரு டச்டவுன் அளவோடு நிறுத்திவிட்டார்கள். மெக்சிகோவின் குவார்ட்டர்பேக் டயானா ஃப்ளோரஸ். அடுத்த வருடம் பிப்ரவரியில் சூப்பர் பவுல் (அமெரிக்க ஹெல்மெட் லீக்கின் இறுதி ஆட்டம்) நடுவே வந்த விளம்பரத்தில், தெருவெல்லாம் ஆட்கள் துரத்த, ஒருத்தருக்கும் பட்டையைக் கொடுக்காமல் ஓடியவர் அவர்தான்.

2024 லாத்தியில் அமெரிக்கா 31-18 என்று திருப்பிக் கொடுத்தது. 2025 ஆகஸ்டில் சீனாவின் செங்டுவில் நடந்த வேர்ல்ட் கேம்ஸில் மறுபடியும் அதே இரண்டு அணி, மறுபடியும் மெக்சிகோ, 26-21. ஐந்து புள்ளி என்பது ஒரு டச்டவுன் கூட இல்லை.

மெக்சிகோவுக்கு இது எப்படி வந்தது? அங்கே இதை டோச்சோ என்பார்கள். பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் பெண் பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே ஆடுகிறார்கள். நம் பக்கம் ஆண் பிள்ளைகளுக்கு கிரிக்கெட் எப்படியோ அப்படி. என் கருத்தைக் கேட்டால், லாஸ் ஏஞ்சல்ஸில் ஆண்கள் இறுதியைவிட பெண்கள் இறுதிக்குத்தான் அலாரம் வைப்பேன்.

என்எஃப்எல் ஸ்டார்கள் வந்துவிட்டால் மற்றவர்கள் கதி?

2025 மே மாதம் என்எஃப்எல் (அமெரிக்காவின் தொழில்முறை ஹெல்மெட் லீக்) கிளப் முதலாளிகள் ஓட்டுப் போட்டு, தங்கள் வீரர்கள் ஒலிம்பிக்கில் ஆட அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஒரு நாட்டு அணிக்கு ஒரு கிளப்பிலிருந்து ஒருவர்தான் போகலாம் என்பது நிபந்தனை.

இதில் ஒரு சண்டையும் உண்டு. அமெரிக்க ஃப்ளாக் அணியின் குவார்ட்டர்பேக் டேரல் டூசெட், நியூ ஆர்லியன்ஸ்காரர், உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். பெயர் இருக்கிறது என்பதற்காக என்எஃப்எல்காரர்கள் நேராக வந்து உட்கார்ந்துகொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது என்று 2024-இல் வெளிப்படையாகவே சொன்னார். அமெரிக்காவில் நிறையப் பேர் சிரித்தார்கள். நான் அவர் பக்கம். ஹெல்மெட் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கைக் காக்க முன்னால் மலை மாதிரி ஐந்து பேர் நிற்பார்கள். இங்கே யாரும் இல்லை. இடுப்பைத் திருப்பிப் பட்டையைக் காப்பாற்றுவது தனி வித்தை. அதை வருடக்கணக்கில் பழகியவரை, பணம் அதிகம் வாங்குகிறவர் என்பதற்காக ஒருவர் ஓரங்கட்டிவிட முடியாது.

தேசிய அணியில் ஆடுகிறவர்களுக்கு சம்பளம் எவ்வளவு?

கிரிக்கெட்டை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள். இங்கே அப்படி இல்லை. அமெரிக்கப் பெண்கள் அணியின் குவார்ட்டர்பேக் வனிதா க்ரவுச் (பெயரைப் பார்த்து நம்மூர் என்று நினைக்காதீர்கள், குடும்பம் கம்போடியாவிலிருந்து அகதியாகப் போனது) டெக்சஸில் ஆரம்பப் பள்ளி பி.டி. டீச்சர். கல்லூரியில் ஆடியது பாஸ்கெட்பால். நாற்பது வயதைத் தாண்டி உலக சாம்பியன் பதக்கம் வாங்கினார். உலகின் முதல் அணிக்கே நிலைமை இது. மற்ற நாடுகளில் பெரும்பாலும் வேலை பார்த்துக்கொண்டே, லீவு போட்டு, டிக்கெட்டுக்கு நன்கொடை திரட்டித்தான் போகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வாருங்கள். இந்தியாவுக்கு அணி இருக்கிறதா? என் பிள்ளை போக முடியுமா?

இந்தியாவில் ஐஎஃப்ஏஎஃப் உறுப்பு அமைப்பு, அமெரிக்கன் ஃபுட்பால் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா. வழி அதன் மூலம்தான். ஒலிம்பிக் வரை போக வேண்டும் என்றால் ஆசிய-ஓசியானியா வட்டாரத்தில் ஜப்பான் மாதிரி அணிகளைத் தாண்டியாக வேண்டும். மேலே சொன்ன ஆறு இடத்தில் ஒன்று போட்டியை நடத்துகிற அமெரிக்காவுக்கு. மிச்சத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் இந்த விளையாட்டுக்கு ஒரு பழைய அனுபவமும் உண்டு. 2011-இல் எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்று பெரிதாக அறிவித்தார்கள். ஹெல்மெட் ஆட்டம், எட்டு அணி. மைக் டிட்கா, கர்ட் வார்னர் மாதிரி அமெரிக்கப் பெரும் புள்ளிகள் பின்னால் இருந்தார்கள். அப்பா வழியில் இந்தியரான என்எஃப்எல் வீரர் பிராண்டன் சில்லாரும் இருந்தார். 2012-இல் ஆட்டங்கள் நடந்தன, டிவியிலும் வந்தது. பிறகு பேச்சு அடங்கிவிட்டது. மேலிருந்து பணத்தைக் கொட்டி ஆரம்பித்தால் இப்படித்தான். கீழே பள்ளிக்கூடங்களில் ஆடுகிறவர்கள் இல்லாதபோது மேலே லீக் எதன் மேல் நிற்கும்?

ஆக, பதில்: போக முடியாது என்று சொல்ல மாட்டேன். வரிசை சின்னது, அதனால் நல்ல ஆட்டக்காரர் கண்ணில் படுவது கிரிக்கெட்டைவிட எளிது. ஆனால் அந்த வரிசையின் முனையில் வேலையோ சம்பளமோ காத்திருக்கிறது என்று எண்ணிப் பிள்ளையைக் கொண்டுவந்து விடாதீர்கள்.

“இந்தியா டீம் செலக்‌ஷன், கட்டணம் இவ்வளவு” என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தியா என்று முதுகில் அச்சடித்த ஜெர்சியைப் போட்டுக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவைப்படாத போட்டிகள் நிறைய நடக்கின்றன. எல்லா விளையாட்டிலும் உண்டு. பக்கத்து நாட்டில் ஒரு மைதானம் எடுப்பார்கள், இங்கிருந்து ஒரு குழு, அங்கிருந்து ஒரு குழு. பெயர் மட்டும் ‘இண்டர்நேஷனல் சாம்பியன்ஷிப்’. திரும்பி வந்தால் ஊர் முக்கில் ஃபிளெக்ஸ், எம்.எல்.ஏ. கையால் சால்வை. எங்கள் பக்கத்திலேயே ஒரு குடும்பம் வேறொரு விளையாட்டுக்காக நகையை அடகு வைத்துப் பணம் கட்டியது. பையன் போனான், ஆடினான், கோப்பையோடும் வந்தான். அந்தச் சான்றிதழைக் கல்லூரி அட்மிஷனில் நீட்டியபோது வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்: இந்தப் போட்டியை நடத்துவது ஐஎஃப்ஏஎஃப்தானா? அணியைத் தேர்ந்தெடுப்பது அதன் இந்திய உறுப்பா? அந்த அமைப்பின் பெயர் மத்திய விளையாட்டு அமைச்சகம் வெளியிடுகிற அங்கீகாரப் பட்டியலில் இந்த வருடம் இருக்கிறதா? போன வருடப் பட்டியலைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது வருடா வருடம் மாறும். மாநில அளவில் ஸ்போர்ட்ஸ் கவுன்சிலில் நேரில் போய்க் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பாலக்காட்டு ஆபீஸுக்கு ஒரு பஸ் டிக்கெட்தான் செலவு.

கேட்டதும் கோபப்படுகிறவரிடம் பணம் கட்ட வேண்டாம்.

சர்டிஃபிகேட் வைத்து வேலை, சீட்டு கிடைக்குமா?

மேலே சொன்ன பட்டியல்தான் இதற்கும் பதில். கல்லூரியோ வேலையோ, எந்தெந்த விளையாட்டை ஒதுக்கீட்டில் எடுப்பார்கள் என்று அந்தந்த அறிவிப்பிலேயே அச்சடித்திருப்பார்கள். அதில் பெயர் இல்லையென்றால் எத்தனை மெடல் இருந்தாலும் பயன் இல்லை. ஒதுக்கீடு மட்டுமே நோக்கம் என்றால் தடகளத்துக்கோ கபடிக்கோ அனுப்புங்கள். ஓட்டப் பயிற்சி எப்படியும் இதற்கும் உதவும்.

நாங்கள் இருப்பது கேரளா, பிள்ளை படிப்பது பொள்ளாச்சியில். எந்த மாநிலத்துக்கு ஆடுவான்?

நம் ஊரில்தான் இந்தக் கேள்வி வரும். வீடு இந்தப் பக்கம், தோட்டம் அந்தப் பக்கம், ரேஷன் கார்டு மலையாளத்தில், மார்க் ஷீட் தமிழில்.

பள்ளி விளையாட்டுப் போட்டி என்றால் பள்ளிக்கூடம் எந்த மாநிலமோ அந்த மாநிலம். அதில் குழப்பம் இல்லை. சங்கம் நடத்துகிற போட்டி என்றால் அந்தச் சங்கத்தின் விதி: சிலர் பிறந்த இடம் பார்ப்பார்கள், சிலர் ஆதார் முகவரி பார்ப்பார்கள். எதுவானாலும் ஒரே சீசனில் இரண்டு மாநிலத்திலும் பெயர் கொடுக்காதீர்கள். ட்ரையல்ஸ் இரண்டு பக்கமும் பக்கத்தில்தானே என்று போய் எழுதிவிட்டு, கடைசியில் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டால் பிள்ளை வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ் இனிஷியல் முன்னால், மலையாள வழக்கில் பின்னால் என்று எழுதி வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் அக்ஷயா சென்டருக்கு (கேரள அரசின் இ-சேவை மையம்) ஓடுகிறவர்கள் இங்கே அதிகம்.

அமெரிக்காவில் என் மச்சான் பையன் ஸ்கூல் டீமில் ஆடுகிறான். இந்தியாவுக்கு ஆடலாமா?

இந்திய பாஸ்போர்ட் இருந்தால் ஆடலாம். அங்கே குடியுரிமை வாங்கிவிட்டு ஓசிஐ கார்டு மட்டும் வைத்திருந்தால் முடியாது. 2008-இலிருந்து மத்திய அரசின் நிலைப்பாடு அது. வேறு பல நாடுகள் வெளிநாட்டில் வளர்ந்த தங்கள் பிள்ளைகளைக் கூட்டி அணி சேர்க்கின்றன. இரட்டைக் குடியுரிமை உள்ள நாடுகளுக்கு அது எளிது.

கபடி ஆடுகிற பையனுக்கு இது சுலபமாக வருமா?

பாதி வரும், பாதி கெடுக்கும். எதிராளியின் இடுப்பையும் காலையும் கவனிக்கிற பழக்கம் அவனிடம் ஏற்கெனவே இருக்கும். அது தங்கம். மற்ற பிள்ளைகள் முகத்தைப் பார்த்து ஏமாறுவார்கள். ஓடுகிறவர் தலையையும் தோளையும் எப்படி வேண்டுமானாலும் ஆட்டலாம், இடுப்பு போகிற பக்கம்தான் அவர் போவார்.

கெடுப்பது கை. கபடிக்காரன் கை பட்டதும் தானாகப் பிடித்து இறுக்கும். இங்கே பிடித்தால் தண்டனை. விரலைத் திறந்து வைத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி வந்து, பட்டையை மட்டும் கீழ்நோக்கி உருவ வேண்டும். உருவியதும் கையை மேலே தூக்கிக் காட்ட வேண்டும், நடுவருக்குத் தெரிவதற்காக. பட்டை மாட்டியிருக்கிற பையனும் கையால் அதை மறைக்கக் கூடாது, பாய்ந்து தப்பிக்கக் கூடாது. முதல் சில வாரம் கபடிப் பையன்களை மைதான ஓரத்தில் ஜோடி ஜோடியாக நிறுத்தி, நடந்துகொண்டே உருவச் சொல்வோம். ஓடவே விடமாட்டோம். சலித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

நம் பக்கத்துக் காற்றில் பந்து எறிய முடியுமா?

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். ஆடியில் மேற்கிலிருந்து வீசும், மார்கழி தையில் கிழக்கிலிருந்து வறண்டு வீசும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டதே அதற்காகத்தான்.

பந்து முட்டை வடிவம், இரண்டு பக்கமும் கூர். அது அச்சில் சுழன்றுகொண்டே போனால் காற்றை அறுத்துக்கொண்டு போகும். தள்ளாடினால் காற்று எடுத்துக்கொள்ளும். தையல் மேல் விரல்நுனி படுகிற மாதிரி பிடிக்க வேண்டும், உள்ளங்கை பந்தில் ஒட்டக் கூடாது. விடும்போது கடைசியாகப் பிரிவது ஆள்காட்டி விரல். கிரிக்கெட்டில் பவுண்டரியிலிருந்து எறிந்து பழகிய பிள்ளைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். எதிர்க்காற்றில் உயரத் தூக்கி எறிவதை மறந்துவிட்டு, மார்பு உயரத்தில் பத்து கெஜத்துக்குள் சின்னச் சின்ன பாஸ். முதல் பாதியில் எந்தப் பக்கம் என்று தேர்ந்தெடுக்க வாய்ப்பு வந்தால் காற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். ஆடி மாதம் காலை ஏழு மணிக்கு ஒரு மாதிரி இருக்கும், பத்து மணிக்கு வேறு மாதிரி. நாங்கள் ஏழுக்கே ஆரம்பிப்பது வெயிலுக்காக மட்டும் இல்லை.

மைதானம், சாமான், செலவு?

எண்ட் ஸோன் சேர்த்து மொத்த நீளம் 70 கெஜம், அதாவது 64 மீட்டர். சர்வதேச அளவுக் கால்பந்து மைதானத்தின் அகலம் குறைந்தபட்சம் அதுதான். ஆகவே நீளவாக்கில் போடாமல் குறுக்கே போட்டால் ஒரு மைதானத்தில் மூன்று ஆடுகளம் அடங்கும். பள்ளிகளுக்கு இதைச் சொன்னாலே முகம் மலரும். செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் கால்பந்து) ஆடுகிற டர்ஃப் சின்னதாக இருக்கும், எண்ட் ஸோனைக் குறைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புத்தூளில் நடுக்கோடு, எண்ட் ஸோன் கோடு போட்டு, இரண்டுக்கும் ஐந்து கெஜம் முன்னால் இன்னொரு கோடு போடுங்கள். அந்த ஐந்து கெஜத்துக்குள் ஓடக் கூடாது, எறியத்தான் வேண்டும்.

போட்டிக்கு, இழுத்தால் பட்டை கழன்று வருகிற பிளாஸ்டிக் சாக்கெட் பெல்ட் வேண்டும். பயிற்சிக்கு எதுவும் வேண்டாம். திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட் இங்கே மெக்கானிக் கடை வரைக்கும் வருகிறது. ஒன்றேகால் அடி நீளம், இரண்டு அங்குல அகலத்தில் வெட்டி, நிக்கர் இடுப்பில் இரண்டு பக்கமும் செருகினால் போதும். முடிச்சுப் போடாதீர்கள். பந்து மட்டும் காசு போட்டு வாங்குங்கள், பிள்ளைகளுக்குச் சின்ன சைஸ். நல்ல இங்கிலீஷ் வில்லோ பேட் ஒன்றின் விலைக்குள் மொத்த அணிக்கும் சாமான் முடிந்துவிடும்.

பாக்கெட் வைத்த பேன்ட் கூடாது. பட்டையை உருவ வருகிற விரல் பாக்கெட்டில் மாட்டினால் விரல் போய்விடும். ஸ்கூல் யூனிஃபார்ம் பேன்ட்டோடு வருகிற பையனைத் திருப்பி அனுப்புவது அதனால்தான், கண்டிப்புக்காக இல்லை. வேறு வழியே இல்லை என்றால் பாக்கெட்டைத் தைத்து மூடி அனுப்புங்கள்.

அடிபடுமா?

படும். மோதல் கூடாது என்பது விதி, ஓடுகிற இரண்டு பேர் ஒரே பந்தைப் பார்த்தால் விதி ஞாபகம் இருக்காது. அதிகம் பார்ப்பது விரல்நுனியில் பந்து குத்தி வீங்குவது, கணுக்கால் சுளுக்கு. தலையோடு தலை மோதினால் பிள்ளை “ஒன்றும் இல்லை சார்” என்று சொன்னாலும் அன்றைக்கு மறுபடி இறக்க மாட்டோம். வாந்தி, மயக்கம், தூக்கக் கலக்கம் இருந்தால் நேராக ஆஸ்பத்திரி. எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறேன் என்று யாரும் வர வேண்டாம்.

எந்த மொழியில் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

தமிழ், மலையாளம், வாய்க்கு வந்தது. இங்கே ஒரே பிள்ளை என்னை சார் என்றும் மாஷே என்றும் ஒரே மூச்சில் கூப்பிடும். ஆட்டத்துக்கு முன் வட்டமாக நின்று திட்டம் சொல்லும்போது தமிழ் எண்களை வைத்தோம். பாலக்காடு டவுனிலிருந்து வருகிற அணிக்குத் தமிழ் புரியாது என்கிற நம்பிக்கையில்! அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே புரிகிறது. இப்போது மணிக்கட்டில் சின்ன அட்டை, அதில் படம், விரலால் எண் காட்டுகிறோம்.

பெண் பிள்ளைகளை அனுப்பலாமா?

தாராளமாக. பெண்கள் ஆட்டம் பற்றி மேலே சொன்னதைப் பாருங்கள். பன்னிரண்டு வயது வரை சேர்ந்தே ஆடுகிறார்கள். பட்டையைக் காப்பாற்றுவதில் ஆண் பிள்ளைகளைவிடக் கெட்டி. வேகத்தை நம்பி நேராக ஓடுவதில்லை, நின்று திரும்புகிறார்கள். ட்ராக் பேன்ட், டி-ஷர்ட் போதும். முடியைப் பின்னிக் கட்டி அனுப்புங்கள், தொங்குகிற பின்னலைப் பட்டை என்று நினைத்து இழுத்த சம்பவம் உண்டு.

பெரிய உடம்பு வேண்டுமா?

வேண்டாம். டூசெட்டின் உயரத்தை மேலே எழுதியிருக்கிறேன்.

சர்வதேச ஆட்டங்களை எப்போது பார்க்கலாம்?

உலக சாம்பியன்ஷிப் 2026 ஆகஸ்டில் ஜெர்மனியின் டுசெல்டார்ஃபில். கோடையில் ஜெர்மனி நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், அதனால் நமக்கு மதியமும் சாயங்காலமுமாக வரும். லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் 2028 ஜூலையில். அந்த ஊர் அப்போது நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே சாயங்காலம் ஆறு மணி மேட்ச் என்றால் இங்கே மறுநாள் காலை ஆறரை. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் அன்றைக்குப் பயிற்சியை எட்டரைக்கு வைத்துக்கொள்ளலாம்.